கலைச்சுப் போட்ட பாட்டு

போன ஆடி மாசம், கீழ வயல்ல தொழி உழவு ஓடிக்கிட்டிருந்தது. கேஜ் வீல் மாட்டின டிராக்டர். மட்கார்டு மேல கயித்தால இறுக்கிக் கட்டின ஸ்பீக்கர். அதுல செருகின பென் டிரைவ். பக்கத்து நாத்தாங்கால்ல ஏழு பேர் நாத்துப் பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் வரப்புல நின்னு மடையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

'முதல் மரியாதை' பாட்டு ஒண்ணு முடிஞ்சது. அடுத்தது எல்.ஆர். ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு. ஆடி மாசம்கிறதால அதுக்குத் தெரிஞ்சு வந்த மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு தேவா போட்ட ஒரு குத்துப் பாட்டு, டிராக்டர் ஓட்டுற தம்பி ஸ்டியரிங்கிலயே தாளம் போட்டான். அது முடிஞ்சு ரெண்டு செகண்டு ஒண்ணுமில்ல. அப்புறம் எங்க அம்மா பாட ஆரம்பிச்சுச்சு.

அம்மா போய்ச் சேர்ந்து மூணு வருசம் ஆச்சு.

நாத்துப் பறிச்சுக்கிட்டு இருந்ததுல மூத்த ஆளு, எனக்குப் பெரியம்மா முறை. கையில இருந்த நாத்து முடியோட அப்பிடியே நிமிர்ந்தாங்க. "ஏப்பா, இது உங்கம்மாள்ல?" டிராக்டர் தம்பிக்கு ஒண்ணும் புரியல, ஆனா என் மூஞ்சியைப் பாத்து வண்டியை நிறுத்திட்டான். ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு. முடிஞ்சதும் கார்த்திக் ராஜா இசையில எதோ ஒரு பாட்டு ஓட ஆரம்பிச்சது. யாரும் ஒண்ணும் சொல்லல. வண்டியை மறுபடி எடுத்தான்.

சென்னையில வேலை பாக்குற என் மகள்கிட்ட அன்னைக்கு ராத்திரி போன்ல இதைச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்பா, அதைத் தனியா ஒரு போல்டர்ல எடுத்து வச்சிருங்க. பாட்டுக் கேக்க ஆப் போட்டுத் தாரேன், உலகத்துல இருக்கிற பாட்டெல்லாம் அதுல இருக்கு. இன்னும் எதுக்கு அந்தப் பழைய பென் டிரைவ்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று ஒரு வருசமாக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என் மகள் பக்கம்தான் நிற்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை.

முதல்ல அந்த பென் டிரைவ்ல என்ன இருக்குன்னு சொல்லிர்றேன். 16 ஜிபி. ஏறக்குறைய 3,200 பாட்டு. இது ஒரு நாள்ல சேர்ந்தது இல்ல.

எங்க ஊர்ப் பக்கம் 80கள்ல பாட்டு வேணும்னா ரெக்கார்டிங் சென்டர் போகணும். காலி கேசட் ஒண்ணு வாங்கிக் குடுத்து, நோட்டுத் தாள்ல லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். 60 நிமிச கேசட்டுன்னா ஒரு பக்கம் ஆறு, ஏழு பாட்டு. அதுக்கு மேல எழுதினா கடைக்காரர் திட்டுவார், இல்லன்னா கடைசிப் பாட்டு சரணத்தோட அந்தரத்துல அறுந்துரும். அந்த லிஸ்ட் எழுத நாலு நாள் ஆகும். காசு இல்லாத காலத்துல பன்னண்டு பாட்டைத் தேர்ந்தெடுக்குறது பொண்ணு பாக்குற மாதிரி. எழுதுறது, அடிக்கிறது, மறுபடி எழுதுறது.

அப்பிடிப் பதிஞ்ச கேசட்டைக் கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடியுறப்பவே அடுத்த பாட்டோட முதல் சத்தம் வாயில வந்துரும். இன்னைக்கும் கோடை எப்.எம்.ல அந்தப் பாட்டுல ஒண்ணு வந்து முடிஞ்சா, என் மனசு என்னோட கேசட்டுல இருந்த அடுத்த பாட்டுக்குத்தான் காத்திருக்கும். வேற பாட்டு வந்தா படியில ஒரு படி குறைஞ்ச மாதிரி கால் இடறும்.

அதுக்கு முன்னாடி ரேடியோ. எங்க அப்பா தலைமுறைக்கு இலங்கை வானொலி. அதுல லிஸ்ட் நம்ம கையில இல்ல. யாரோ ஒரு நேயர் விரும்பிக் கேட்ட பாட்டு, யாரோ ஒரு அறிவிப்பாளர் அடுக்கின வரிசை. வந்தா கேக்கணும், வராட்டி நாளைக்கும் காத்திருக்கணும்.

கேசட் போயி எம்.பி.3 சி.டி. வந்தது, ஒரு சி.டி.ல நூத்தம்பது பாட்டு. அப்புறம் செல்போன் கடையில மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தாங்க. இந்தப் பாட்டெல்லாம் யாருக்குச் சொந்தம், நான் காசு குடுத்தது யாருக்குன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவேன். ராஜா சார் மன்னிக்கணும். சொல்ல வந்தது வேற. கடைசியா மெமரி கார்டுல இருந்து பென் டிரைவுக்கு மாத்தினப்ப, கடைப் பையன் பாட்டு மட்டும்னு பாக்காம கார்டுல இருந்த சத்தம் எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டான். அதனால என் சேகரிப்புல 2,100 பாட்டுக்கு மேல இளையராஜா. மிச்சத்துல எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன், ரகுமான், தேவா, சாமி பாட்டு. கூடவே, உரம் வந்துருச்சான்னு நான் கடைக்காரரைக் கேக்குற ரெண்டு கால் ரெக்கார்டிங், எங்க வெள்ளாடு கத்துற சத்தம் ஒண்ணு, 'ரெக்கார்டிங் 017' ஒண்ணு. அந்தப் பதினேழுதான் அம்மா.

இவ்வளவையும் வரிசையாக் கேக்க முடியாது. அதனால கலைச்சுப் போடுற பட்டனை அமுக்கிருவேன். சீட்டுக் கட்டைக் கலைக்கிற மாதிரிதான். ஷபிள்னு மகள் சொல்வா.

கணக்குப் போட்டுப் பாத்தேன். பாட்டுக்கு நாலரை நிமிசம்னா 3,200 பாட்டுக்கு 240 மணி நேரம். தினம் மூணு மணி நேரம் கேட்டா 80 நாள். நட்டதுல இருந்து அறுப்பு வரைக்கும் ஆகிற காலம் ஏறத்தாழ அதுதான். அப்போ ஒரு பாட்டு போகத்துக்கு ஒரு தடவை வரணும். வராது! ஏன்னா டிராக்டரை அணைச்சா மறுபடி முதல்ல இருந்து கலைக்கும். மோட்டார் ரூம்ல கரண்டு போய் வந்தாலும் அப்பிடித்தான். எங்க கரண்டோட லட்சணத்துக்கு ஒரு நாள்ல நாலு தடவை கலைக்கும். ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டுல இருந்து உருவினா, 3,200 தடவை பாட்டு ஓடின பிறகும் நூத்துக்கு முப்பத்தேழு பாட்டு ஒரு தடவைகூட வந்திருக்காது. கணக்கு வாத்தியார் ஒருத்தர் சொல்லித்தான் நம்பினேன். ஆயிரத்து நூத்தி எழுபது பாட்டுக்கு மேல அங்கேயே கிடக்கும், நம்ம கண்ணுல படாம.

இன்னொண்ணு. ராஜா பாட்டே அஞ்சு தொடர்ந்து வந்தா, "இந்த டப்பாவுக்கு வேற பாட்டே தெரியாதா"ன்னு டிராக்டர் தம்பி கேப்பான். மூணுல ரெண்டு பங்கு ராஜான்னா, அஞ்சும் ராஜாவா வர ஏழெட்டுல ஒரு வாய்ப்பு இருக்கு. அதிசயம் ஒண்ணும் இல்ல. விதையைத் தூவி விதைச்சவனுக்கு இது தெரியும். கை பழகின ஆளு தூவினாலும் ஒரு இடத்துல திட்டாக் கூடி விழும், ஒரு இடம் சொட்டையாக் கிடக்கும். ஒரே சீரா இடைவெளி விட்டு முளைச்சிருந்தா அது தூவினது இல்ல, கயிறு பிடிச்சு நட்டது.

இது உலகம் பூராவும் இருந்த புகார்தான் போல. ஆப்பிள் கம்பெனி 2005 ஜனவரியில திரையே இல்லாத ஒரு சின்ன ஐபாடை விட்டது, பேரே ஐபாட் ஷபிள். கலைச்சுப் போடுறதையே சரக்கா வித்தாங்க. ஒரே பாடகர் அடுத்தடுத்து வர்றார், இது கலைக்கலைன்னு ஜனங்க குறை சொன்னாங்க. அதே வருசம் செப்டம்பர்ல, ஒரே ஆளு அடுத்தடுத்து வராம தள்ளி வைக்கிற வசதியை ஐடியூன்ஸ்ல சேத்தாங்க. அதாவது நிஜமாக் கலைச்சது ஜனங்களுக்குக் கலைச்ச மாதிரித் தெரியல. அதனால கயிறு பிடிச்சு நட்டு, தூவினதா காட்டினாங்க. ஸ்பாட்டிபையும் 2014ல இதே காரணத்துக்காகக் கணக்கை மாத்தினது.

எதிர்ப் பக்கமும் நியாயம் உண்டு. 2021 நவம்பர்ல அடேல்ங்கிற இங்கிலாந்துப் பாடகி தன் ஆல்பம் வெளிவந்தப்ப, நாங்க வரிசையை யோசிச்சுத்தான் அடுக்குறோம், அதைக் கலைக்காதீங்கன்னு கேட்டு, ஆல்பம் பக்கத்துல ஷபிள் முதல் பட்டனா இருந்ததை ஸ்பாட்டிபை மாத்தும்படி ஆச்சு. நாலு நாள் லிஸ்ட் எழுதின எனக்கு அந்த அம்மா சொல்றது விளங்குது.

சரி, மகள் பேச்சைக் கேட்டு ஆறு மாசம் ஒரு செயலியும் வச்சிருந்து பாத்தேன். குறையாச் சொல்லல, பாட்டுக்குப் பஞ்சமில்ல. ஆனா அது நான் பண்றதைக் கவனிச்சுக்கிட்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மனசு சரியில்லாம நாலு சோகப் பாட்டு கேட்டேன், ஒரு வாரத்துக்கு அழுகாச்சியா வந்தது. எதைப் பாதியில தள்ளினேனோ அதை மறுபடி நீட்டாது. நான் எந்தப் பக்கம் சாயுறேனோ அந்தப் பக்கமே வாய்க்காலை வெட்டிக் குடுத்தது. தண்ணிக்கு அது சுகம்தான். கடைமடை காஞ்சு போகும்.

என் பென் டிரைவுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. அது முட்டாள். நான் யாருன்னு தெரியாது, ஆடியா மார்கழியான்னு தெரியாது, வீட்டுல கல்யாணமா கருமாதியான்னு தெரியாது. அந்த முட்டாள்தனம்தான் எனக்கு வேணும்கிறேன்.

காரணம் பதினேழு. அம்மா இறந்த பிறகு இந்த மூணு வருசத்துல, நானா ஒரு தடவைகூட அதைத் தேடிப் போட்டது இல்ல. பேரு தெரியும், எங்க இருக்குன்னு தெரியும், விரல் போகாது. அதுவா நாலு தடவை வந்தது. ஒரு தடவை ராத்திரி மோட்டார் ரூம்ல. ஒரு தடவை கம்பத்துக்குத் திராட்சை ஏத்திக்கிட்டுப் போற வண்டியில. மூணாவது, பொங்கலுக்கு வந்த என் தங்கச்சியை பஸ் ஸ்டாண்டு கூட்டிக்கிட்டுப் போறப்ப. நாலாவது இந்த ஆடியில, வயல்ல. தனி போல்டர்ல வச்சிருந்தா இந்த நாலும் நடந்திருக்காது. பத்திரமா இருந்திருக்கும், அவ்வளவுதான். ரேசன் கார்டு மாதிரி, பட்டா மாதிரி.

தங்கச்சி அன்னைக்கு வண்டியிலயே உடைஞ்சு அழுதுட்டா. "அண்ணே, இதை எடுத்துரு. இப்பிடித் திடுதிப்புன்னு வந்தா யாரால தாங்க முடியும்? செத்தவங்களை இப்பிடிக் குத்துப் பாட்டுக்கு நடுவுல போட்டு வைக்கிறது மரியாதையா?" என்றாள். அவ கேட்டது நியாயமான கேள்வி. அன்னைக்கு ராத்திரியே மகனோட லேப்டாப்புல செருகி எடுத்தும் வச்சேன். பத்து நாள் கழிச்சுத் திரும்பப் போட்டுட்டேன். தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. இதைப் படிச்சா தெரிஞ்சுக்கிடட்டும்.

எனக்கு மரியாதைங்கிறது வேற மாதிரித் தெரியுது. அம்மா உயிரோட இருந்தப்பவும் நேரம் காலம் பாத்து வந்தது இல்ல. நான் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கிறப்ப குறுக்க வந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா"ன்னு கேக்கும். இப்பவும் அதே மாதிரித்தான் குறுக்க வருது.

இதுவரைக்கும் நான் ஷபிளுக்கு வக்காலத்து வாங்கினேன். இப்ப என் பேருல ஒரு குத்தம் இருக்கு, அதையும் எழுதிர்றேன்.

3,200 பாட்டுல எங்க வயல்ல பாடின பாட்டு எத்தனை? ஒண்ணு. எங்க அம்மாவுக்கு மட்டுமே நடவுக்கு இருபது, களைக்குப் பத்து, தாலாட்டு, ஒப்பாரின்னு எத்தனையோ தெரியும். நான் ஒண்ணுதான் பிடிச்சேன், 2014ல, அதுவும் புதுப் போன்ல ரெக்கார்டிங் எப்பிடி இருக்குன்னு பாக்குறதுக்காக. வயல்லகூட இல்ல, அடுப்படியில. கடைசியில குலவை போட்டுட்டு, "போதுமா தம்பி, அடுப்புல பால் இருக்கு"ன்னு சொல்லும். அந்தப் பால் பொங்கற சத்தமும் லேசாக் கேக்கும். பாக்கி எல்லாம் போச்சு.

இத்தனைக்கும் நாங்க இருக்கிறது பாட்டுக்குப் பேர் போன பூமி. சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரத்துல பண்ணைப்புரம். அந்த வீட்டு அண்ணன் பாவலர் வரதராஜன் 1958ல தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலை ஏறிப் போய் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினவர். தம்பி 1976ல 'அன்னக்கிளி'யில நம்ம வயக்காட்டு மெட்டைக் கொண்டு போய் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவுல உக்கார வச்சார். 1985ல வந்த 'முதல் மரியாதை'யை எடுத்துக்கோங்க. இயக்கம் அல்லிநகரம், இசை பண்ணைப்புரம், பாட்டு வடுகபட்டி. மூணும் இன்னைக்கு ஒரே தேனி மாவட்டம். இங்கிருந்து மெட்டு சென்னைக்குப் போச்சு, கேசட்டாகி ரெக்கார்டிங் சென்டருக்கு வந்தது, பென் டிரைவ் ஏறி அதே வயலுக்குத் திரும்பி வந்தது. வந்தப்ப இங்க பாடிக்கிட்டு இருந்தவங்க வாய் மூடிருச்சு.

கம்பம் பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாறு தண்ணியில இருபோகம் விளையுறது 14,707 ஏக்கர். லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும். ஜூன்ல தண்ணி திறந்து, நாத்துப் பாவி, நடவு தொடங்கினா ஒரு காலத்துல வரப்பு நெடுக ஒரே பாட்டாக் கேக்கும். ஒரு வயல்ல பாடினதுக்கு அடுத்த வயல்ல எதிர்ப்பாட்டு வரும். இது நானா கண்டு கேட்டது, கதை இல்ல.

அதை நிறுத்தினதுல எனக்கும் பங்கு உண்டு. ஏழெட்டு வருசம் முன்னாடி நான்தான் முதல்ல வரப்புல ஸ்பீக்கர் கொண்டு போய் வச்சேன். ஆளுக சந்தோசப்படுவாங்கன்னு. சந்தோசமும் பட்டாங்க. அந்த வருசம் நடவு முடிஞ்சு கூலி குடுக்குறப்பத்தான் உறைச்சது, பத்து நாள்ல ஒருத்தர்கூடப் பாடல. கடைசி நாள் குலவை மட்டும் போட்டாங்க. அதுவும் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு.

இதை ஒரு நாள் பெரியம்மாகிட்ட வருத்தமாச் சொன்னேன். அவங்க என்னை ஏற இறங்கப் பாத்தாங்க.

"ஏம்ப்பா, நாங்க என்ன ஆசைக்கா பாடுனோம்? முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பாடுனா கொஞ்சம் தெரியாது. உங்க தாத்தா வரப்புல குடையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாட்டு நின்னுருச்சே, கை நின்னுருச்சா'ன்னு கேப்பாரு. பாட்டு ஓடுனா நடவும் வெரசா ஓடும்னு அவருக்குக் கணக்கு. இப்ப டப்பா பாடுது, நாங்க மூச்சை மிச்சம் பிடிக்கிறோம். உனக்கு வேணும்னா நீ இறங்கி நட்டுக்கிட்டே பாடு, நான் கேக்குறேன்."

எனக்குப் பதில் வரல. அந்தக் காலத்துப் பாட்டு, மண் மணம்னு நாம உருகுறதெல்லாம் வரப்புல நின்னவங்க உருகுறது. வயல்ல நின்னவங்களுக்கு அது வலி மாத்திரை. அவங்க பிள்ளைக இப்ப நடவுக்கே வர்றதில்ல. விடிகாலையில ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போயிடுறாங்க. அந்த ஜீப்புலயும் பாட்டு அலறும். அதுவும் ஏதோ ஒரு டிரைவரோட பென் டிரைவ், கலைச்சுப் போட்டதுதான். அந்தப் பிள்ளைகளைப் பாடச் சொல்லி நான் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது.

ஆனா பாடினதைச் சேத்து வச்சிருக்கலாம். அதுக்கு யார் முதுகும் வலிச்சிருக்காது. வேலை செஞ்சவங்க இருக்காங்க. கி.வா.ஜகந்நாதன் 1958ல 'மலையருவி' கொண்டு வந்தார். நா. வானமாமலை ஊர் ஊராப் பாட்டுச் சேத்தார். ஆனா தாள்ல ஏறினது சொல்லு மட்டும்தான், மெட்டு ஏறாது. மதுரையில விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் மெட்டோட சேத்துத் தானும் பாடினாங்க. கொல்லங்குடி கருப்பாயி அம்மா ரேடியோவுல பாடி, 1985ல 'ஆண்பாவம்' படத்துலயும் வந்தாங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்பிடி வாய்ச்சது. மத்தவங்க பாட்டு அவங்கவங்க வீட்டுல, பிள்ளைக கையில போன் இருந்தும், பிடிக்கப்படாமப் போச்சு. என் வீட்டுலயே போச்சு.

என் மகள் சொன்ன ஆப்ல உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கலாம். அடுப்படியில பாடினது இருக்காது. நான் போட்டாத்தான் இருக்கும். என் பென் டிரைவ்ல நான் போடாதது எத்தனை வருசம் கலைச்சாலும் வராது. பத்து வருசமா பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு, இதைப் புரிஞ்சுக்க எனக்கு இந்த ஆடி ஆச்சு.

அதனால நடவு கடைசி நாள் பெரியம்மாகிட்ட போனை நீட்டினேன். கூச்சப்படுவாங்கன்னு நெனச்சேன், அதெல்லாம் இல்ல. ஏற்கனவே அன்னைக்கு அம்மா குரல் கேட்டதுல இருந்து அவங்களுக்கும் மனசுல ஏதோ ஓடிக்கிட்டு இருந்திருக்கும் போல. கையைக் கழுவிட்டு வந்து, வெத்தலையைத் துப்பிட்டு, வரப்புல உக்காந்து மூணு பாட்டு பாடினாங்க. மூணாவது பாதியில மறந்துருச்சு. பக்கத்துல இருந்த அக்கா எடுத்துக் குடுத்து ரெண்டு பேருமா முடிச்சாங்க. பின்னாடி மோட்டார் சத்தம் இருக்கு. ஒரு இடத்துல நான் இருமுறதும் இருக்கு. அன்னைக்கு ராத்திரியே பென் டிரைவ்ல ஏத்திட்டேன்.

மறுநாள் கூலி வாங்க வந்தவங்க வாசல்ல நின்னே கேட்டாங்க.

"ஏப்பா, என் பாட்டு எப்ப வரும்?"

"தெரியாது பெரியம்மா. அதுவா வர்றப்பத்தான்."

"அதுவா வர்றவரைக்கும் நான் இங்கயே நிக்கவா? தேதி சொல்லு, வாரேன்."

டிராக்டர் தம்பி சிரிச்சான். நானே தேடிப் போட்டுக் காமிக்கிறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க. காசை எண்ணி முந்தியில முடிஞ்சுக்கிட்டு, வாசப்படியில உக்காந்து, மட்கார்டு மேல இருந்த ஸ்பீக்கரை அரை மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ராஜா பாட்டா ஏழு வந்தது.